காலநிலை உறுதிப்பாட்டில் கல்விக்கும் ஓர் எண் கொடுங்கள்

பெறுநர்:
செயலர், சுற்றுச்சூழல், வனம் மற்றும் காலநிலை மாற்ற அமைச்சகம், புது தில்லி
செயலர், பள்ளிக் கல்வி மற்றும் எழுத்தறிவுத் துறை, கல்வி அமைச்சகம், புது தில்லி
நகல்: மாநிலப் பள்ளிக் கல்வித் துறைச் செயலர்கள்

பொருள்: பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழ் இந்தியா அளிக்கும் தேசியப் பங்களிப்பில் (என்.டி.சி.) கல்வியை அளவிடக்கூடிய இலக்காகச் சேர்ப்பது குறித்து.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். 2015இல் இந்தியா தன் முதல் என்.டி.சி.யை அளித்தபோது மூன்று எண்கள் இருந்தன. 2030க்குள் உமிழ்வுச் செறிவை (பொருளாதார உற்பத்தியின் ஒவ்வோர் அலகுக்கும் வெளியாகும் பசுமை இல்ல வாயுவை) 2005ஆம் ஆண்டு அளவிலிருந்து 33 முதல் 35 சதவீதம் குறைப்பது, மின் நிறுவுதிறனில் 40 சதவீதத்தைப் புதைபடிவமற்ற மூலங்களிலிருந்து பெறுவது, காடுகள் மரங்கள் மூலம் 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவைக் கூடுதலாக உறிஞ்சுவது. 2022 ஆகஸ்டில் முதல் இரண்டும் 45, 50 என உயர்த்தப்பட்டன. அந்த 50 சதவீத நிறுவுதிறன் 2025 ஜூனிலேயே, ஐந்தாண்டு முன்னதாக, எட்டப்பட்டுவிட்டது. எண் இருந்தது, அதற்கு ஓர் அமைச்சகம் பொறுப்பாக இருந்தது, டெண்டர் வந்தது, வங்கிக் கடன் வந்தது, மாதாமாதம் கணக்கு வெளிவந்தது.

கல்விக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. எங்கள் கோரிக்கை அதைப் பற்றியதுதான். கல்வியைப் புகழ்ந்து ஒரு பத்தி எழுதிச் சேர்த்துவிட வேண்டாம். அப்படிப்பட்ட பத்திகள் 1992 முதல் இருக்கின்றன. ரியோவில் கையெழுத்தான ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின் 6ஆம் பிரிவும், பாரிஸ் ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவும் கல்வி, பயிற்சி, பொது விழிப்புணர்வு பற்றியவை. 2021இல் கிளாஸ்கோவில் இதற்கெனப் பத்தாண்டு வேலைத்திட்டமும் ஏற்கப்பட்டது. ஆனாலும் 2021 வாக்கில் ஆசிரியர் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு, அதுவரை புதுப்பிக்கப்பட்ட 73 பங்களிப்புகளை ஆராய்ந்தபோது, குழந்தைகளுக்கான காலநிலைக் கல்வியைக் குறிப்பிட்டவை நான்கில் ஒன்றுக்கும் குறைவு. குறிப்பிட்ட நாடுகளிலும் பெரும்பாலானவை எண் எதுவும் தரவில்லை.

"என்.டி.சி. என்பது உமிழ்வு பற்றிய ஆவணம், அதில் பள்ளிக்கூடத்துக்கு என்ன வேலை?" என்ற கேள்வி உங்கள் அலுவலகத்திலேயே எழும். 2022 ஆவணத்தின் முதல் இலக்கைப் பாருங்கள். மரபையும் சிக்கனத்தையும் அடிப்படையாகக் கொண்ட வாழ்க்கை முறையை 'லைஃப்' என்ற மக்கள் இயக்கமாகப் பரப்புவது என்கிறது. மனிதர்களின் நடத்தையும் அறிவும் காலநிலை இலக்காகலாம் என்பதை அரசு ஏற்கெனவே ஒப்புக்கொண்டுவிட்டது என்று பொருள். குறை அது அளக்கப்படும் விதத்தில் இருக்கிறது. இணையத்தில் எடுக்கப்பட்ட உறுதிமொழிகள், பதிவேற்றிய புகைப்படங்கள், நட்ட கன்றுகள் ஆகியவை எண்ணப்படுகின்றன. அடுத்த கோடையில் எத்தனை கன்று உயிரோடு இருக்கிறது என்பதற்குப் பள்ளிப் படிவத்தில் கட்டம் இல்லை. படம் ஏற்றியதோடு தலைமையாசிரியரின் வேலை முடிந்துவிடுகிறது, அவரைக் குறை சொல்லவும் முடியாது, கேட்டது அவ்வளவுதான்.

சட்ட ஆணைகளும் போதவில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று இருக்கிறது. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பர் 22 அன்று சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. 2003 டிசம்பரில் மறுபடியும் தலையிட்டு, முதல் வகுப்பு முதல் பன்னிரண்டு வரைக்கான மாதிரிப் பாடத்திட்டத்தை என்.சி.இ.ஆர்.டி. தயாரிக்க வேண்டும் என்றது. பாடத்திட்டம் வந்தது. கல்லூரிகளில் ஆறுமாதத் தாள் வந்தது. பிறகு 2022இல் தொடங்கிய பாடக் குறைப்பில் பத்தாம் வகுப்பு அறிவியலின் ஆற்றல் மூலங்கள், இயற்கை வளங்களின் நீடித்த மேலாண்மை ஆகிய இரு அத்தியாயங்களும் நீக்கப்பட்டன. நீக்கியதற்குக் கல்வித் தரப்பில் காரணம் சொல்லப்பட்டது. காலநிலை உறுதிப்பாட்டோடு அது முரண்படுகிறதா என்று பார்க்க வேண்டிய கட்டாயம் எந்த அமைச்சகத்துக்கும் இருக்கவில்லை. என்.டி.சி.யில் ஓர் எண் இருந்திருந்தால், அந்தக் கோப்பு குறைந்தபட்சம் உங்கள் மேசையைத் தொட்டுப் போயிருக்கும்.

இதற்காக அடுத்த சுற்றுவரை காத்திருக்கத் தேவையில்லை. பாரிஸ் ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவு, 11ஆம் பத்தி, இலக்கை உயர்த்தும் நோக்கில் எந்த நாடும் எப்போது வேண்டுமானாலும் தன் பங்களிப்பைத் திருத்தலாம் என்கிறது. முன்னேற்றத்தைக் கண்காணிக்கும் குறியீடுகளை நாடே தேர்ந்தெடுக்கலாம் என்று கடோவிச்சில் 2018இல் வகுக்கப்பட்ட வெளிப்படைத்தன்மை விதிகள் சொல்கின்றன. தேர்ந்தெடுத்த குறியீடு ஒவ்வொன்றுக்கும் தொடக்க நிலை, அடிப்படை ஆண்டு, அந்த ஆண்டின் அளவு ஆகியவற்றை இரண்டாண்டுக்கு ஒருமுறை தரும் அறிக்கையில் காட்ட வேண்டும். ஆகவே கல்விக்கு நாம் தேர்வதும் இந்த அட்டவணையில் உட்காரக்கூடியதாக இருக்க வேண்டும். "விழிப்புணர்வு மேம்படுத்தப்படும்" அதில் உட்காராது.

ஒரு மாணவர் பாடம் கற்றதால் இத்தனை டன் உமிழ்வு குறைந்தது என்று கணக்குக் காட்டும் ஆசையை விட்டுவிடுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறோம். விரும்பிச் சேர்ந்த சில நூறு மாணவர்களை வைத்துச் செய்யும் ஆய்வை 24.8 கோடி மாணவர்களால் பெருக்கினால் பிரமாதமான எண் கிடைக்கும்; தணிக்கையில் முதல் கேள்வியிலேயே உடையும். கல்வியைத் தகவமைப்பின் (மாறும் காலநிலைக்கு ஏற்பத் தயாராவதன்) கீழும், பிற இலக்குகளை நிறைவேற்றும் வழிமுறையின் கீழும் வையுங்கள்.

நாங்கள் முன்வைக்கும் குறியீடுகளில் முதலாவது, வானிலையால் இழந்த கற்பித்தல் நேரம்.

2024இல் உலகெங்கும் 85 நாடுகளில் குறைந்தது 24.2 கோடி மாணவர்களின் படிப்பு வானிலை நிகழ்வுகளால் தடைபட்டதாக யுனிசெஃப் கணக்கிட்டது. ஏப்ரல் வெப்ப அலையில் இந்தியாவில் மட்டும் ஐந்து கோடிக்கு மேல். இது வெளியிலிருந்து, செய்தி அறிவிப்புகளைத் தொகுத்துப் போட்ட கணக்கு. நம்மிடம் சொந்தக் கணக்கு இல்லை. தமிழ்நாட்டில் 2023இல் ஜூன் தொடக்கத்தில் திறக்க வேண்டிய பள்ளிகள் வெயிலால் 7க்கும், பிறகு 12க்கும், தொடக்க வகுப்புகளுக்கு 14க்கும் தள்ளிப்போயின. அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும், அடுத்து பெருமழை தூத்துக்குடி, திருநெல்வேலியையும் மூடவைத்தன. 2024இல் ஜூன் 6 என்றிருந்த திறப்பு 10 ஆனது. கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்புவரை 200 வேலைநாள், 800 மணி நேரமும், ஆறு முதல் எட்டுவரை 220 நாள், 1,000 மணி நேரமும் வேண்டும் என்கிறது. ஒரு கடலோர ஒன்றியத்தில் இந்த 1,000 மணியில் எத்தனையைப் புயலும் வெயிலும் தின்றன என்பதை எந்த அலுவலகத்திலும் இன்று எடுத்துக் கொடுக்க முடியாது.

இதற்குப் புதுச் செயலி வேண்டாம். ஆசிரியர்கள் ஏற்கெனவே எமிஸ் என்ற மாநிலப் பள்ளித் தகவல் தளத்தில் எதையாவது ஏற்றிக்கொண்டேதான் இருக்கிறார்கள். நாடு முழுக்கப் பள்ளிகள் ஆண்டுதோறும் நிரப்பும் யூடைஸ் என்ற தகவல் படிவத்தில் கற்பித்தல் நாட்களுக்கான கட்டம் இருக்கிறது. அதன் கீழ் நான்கு கட்டங்கள் போதும்: ஆட்சியர் அல்லது துறை ஆணையால் மூடிய நாட்கள், ஆணை இல்லாமலே கட்டடம் பயன்படாமல் போன நாட்கள், மூடாமல் நேரத்தைக் குறைத்ததால் இழந்த மணிகள், ஈடுசெய்த நாட்கள். ஒவ்வொன்றுக்கும் காரணக் குறியீடு: வெப்பம், வெள்ளம், புயல், நிலச்சரிவு, காற்று மாசு. தில்லியில் பள்ளிகளை மூடவைக்கும் காற்று மாசைத் தனிக் குறியீடாகவே வைக்க வேண்டும், வெப்பத்தோடு கலந்தால் இரண்டும் குழம்பும்.

இந்த நான்கில் இரண்டாவது கட்டம் ஏன் என்றால், உண்மையான இழப்பு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஆட்சியர் மூன்று நாள் விடுமுறை விடுவார். நான்காம் நாள் மாவட்டம் முழுக்கப் பள்ளி திறந்ததாகப் பதிவாகும். ஆனால் ஒரு ஊராட்சிப் பள்ளியில் நிவாரண முகாம் நடந்துகொண்டிருக்கும். இன்னொன்றில் சத்துணவுக் கூடத்தில் தண்ணீர் வடிந்திருக்காது. கழிவறைத் தொட்டி நிரம்பியிருக்கும். அசாமின் ஆற்றோரப் பள்ளிகளுக்கு இது ஆண்டுதோறும் நடப்பது. ஒடிசா கடலோரத்தில் கட்டிய புயல் பாதுகாப்பு மையங்கள் பல, சாதாரண நாட்களில் வகுப்பறையாகவும் பயன்படுகின்றன. முகாமும் வகுப்பும் ஒரே கட்டடத்துக்கு அடித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும் என்றால், எத்தனை பள்ளிகளில் எத்தனை நாள் அடித்துக்கொள்கின்றன என்பது முதலில் தெரிய வேண்டும். ஈடுசெய்யும் சனிக்கிழமைகளிலும் ஒரு சிக்கல்: வேலைநாள் என்று எழுதப்படும், வருகை பாதிதான் இருக்கும். அந்த நாளின் வருகைச் சதவீதத்தையும் சேர்த்துக் கேளுங்கள். தொகுப்பு ஒன்றிய அளவில் வெளியாக வேண்டும். மாவட்டச் சராசரியில் எல்லாம் கரைந்துபோகும்.

இரண்டாவது குறியீடு, வெப்பம் தாங்கும் வகுப்பறைகளின் விகிதம். இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம், ஏனெனில் இங்கே அளவீடு தவறினால் செலவும் வீணாகும்.

வானிலைத் துறையின் வரையறைப்படி சமவெளியில் 40 டிகிரியும் கடலோரத்தில் 37 டிகிரியும் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி அதிகமாக இருந்தால் வெப்ப அலை. அந்த எண் நிழலில், காற்றோட்டமுள்ள பெட்டிக்குள் எடுத்தது. தகரக் கூரையின் கீழ் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அது பொருந்தாது. பிற்பகலில் தகரத்தின் வெப்பம் உள்ளே இருக்கும் காற்றைவிடப் பல டிகிரி ஏறி, கதிர்வீச்சாக நேரே தலையில் இறங்குகிறது. சுவரில் மாட்டிய சாதாரண வெப்பமானி காற்றை மட்டும் காட்டி, "பரவாயில்லையே" என்று ஏமாற்றும். அதனால் ஒன்றியத்துக்குப் பத்துப் பள்ளிகளிலாவது மூன்று கருவிகள் வேண்டும்: ஒரு சாதாரண வெப்பமானி, குமிழில் ஈரத்துணி சுற்றிய இன்னொன்று, ஈரப்பதத்துக்காக, மூன்றாவது, மங்கலான கறுப்பு வண்ணம் அடித்த 40 மில்லிமீட்டர் டேபிள் டென்னிஸ் பந்துக்குள் முனை நுழைத்த ஒன்று, கதிர்வீச்சுக்காக. மூன்றையும் தரையிலிருந்து 1.1 மீட்டர் உயரத்தில், உட்கார்ந்த குழந்தையின் தலை மட்டத்தில், வெயில் விழும் சுவரிலிருந்து தள்ளி, மின்விசிறிக்கு நேர் கீழே இல்லாமல் தொங்கவிட வேண்டும். காலை 9.30, நண்பகல் 12.30, பிற்பகல் 3.00. மார்ச் முதல் ஜூன்வரை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே எடுத்துவிடுவார்கள், அதுவே அவர்களுக்கு நல்ல அறிவியல் செய்முறை. ஈரத்துணி காய்ந்துபோனால் இரண்டு வெப்பமானியும் ஒரே எண் காட்டும். பதிவேட்டில் தொடர்ந்து அப்படி வந்தால் அந்த வாரத் தரவைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

கூரைக்கு வெப்பம் பிரதிபலிக்கும் வெள்ளைப் பூச்சு அடிப்பது மலிவான, வேகமான வழி. தெலங்கானா 2023இல் இதற்கெனத் தனிக் கொள்கையே கொண்டுவந்து, 2028க்குள் 300 சதுர கிலோமீட்டர் குளிர்கூரை என்று இலக்கும் வைத்தது. பள்ளியில் செய்யும்போது எங்கே கெடுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஒழுகும் கூரையில், விரிசலை அடைக்காமல் அடித்தால் முதல் மழையில் உரியும். பாசி சுரண்டாத கான்கிரீட்டில் பூச்சு ஒட்டாது. துருப்பிடித்த தகரத்துக்கு முதலில் துரு நீக்கிப் பிரைமர் அடிக்க வேண்டும். மார்ச்சுக்கு முன் அடிக்க வேண்டியதை நிதியாண்டு முடிவில் பணம் வந்தது என்று மே மாதம் அடித்தால் அந்த ஆண்டுக் கோடை போய்விட்டது. தூசி படிந்தால் பிரதிபலிப்பு குறைந்துவிடும், ஆண்டுக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும்; கழுவுவதற்கு ஒப்பந்தத்தில் வரி இல்லை என்றால் யாரும் கழுவ மாட்டார்கள். எல்லாவற்றையும்விட முக்கியம்: கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஓடு போட்ட கூரையைக் கம்பித் தூரிகையால் தேய்க்கவோ அழுத்த நீரால் அடிக்கவோ கூடாது. இழைகள் காற்றில் கிளம்பி வகுப்பறைக்குள் இறங்கும். அந்தக் கூரைகளை மாற்றுவதுதான் வழி. ஆகவே குறியீடு "பூச்சு அடித்த பள்ளிகள்" என்று இருக்கக் கூடாது. கூரை வகை வாரியாக எத்தனை வகுப்பறை, அவற்றில் எத்தனையில் பிற்பகல் 3 மணி அளவு குறைந்தது என்று இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஆசிரியர்கள். 2023-24 யூடைஸ் கணக்கில் 14.7 லட்சம் பள்ளிகள், 98 லட்சம் ஆசிரியர்கள். யுனெஸ்கோ உலகளவில் கேட்டபோது, காலநிலை மாற்றத்தின் தீவிரத்தைக் கற்பிப்பது முக்கியம் என்று 95 சதவீத ஆசிரியர்கள் சொன்னார்கள். நம்பிக்கையோடு கற்பிக்க முடியும் என்றவர்கள் 40 சதவீதத்துக்கும் குறைவு. தங்கள் பகுதியில் அதன் விளைவு என்ன என்று நன்றாக விளக்க முடியும் என்றவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். மூன்றாவது எண்ணில்தான் வேலை இருக்கிறது. துருவக் கரடி படம் எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது.

பகுதி என்று நாங்கள் சொல்வதற்கு ஒரு கணக்கு. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஏழாம் வகுப்புக் கணிதம் இது: ஒரு சதுர மீட்டரில் 950 லிட்டர். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர், ஆக 38 லட்சம் லிட்டருக்கு மேல். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் ஏற்றினால் 320 லாரி. ஒரே ஏக்கருக்கு, ஒரே நாளில். இவ்வளவும் எந்தப் பக்கம் ஓடியிருக்க வேண்டும், எந்தக் குளத்தின் மதகு வழி, அங்கே இப்போது என்ன கட்டியிருக்கிறார்கள் என்று அடுத்த கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள். நாகப்பட்டினத்தில் இதே இடத்தில் மண்ணின் மின்கடத்துதிறன் வரும். ஒரு மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸ் தாண்டினால் உவர்மண் என்ற ஒரே அளவை வைத்து ஒரு செய்முறை வகுப்பு நடத்தலாம். நீலகிரியில் சரிவின் கோணம் வரும். கணித ஆசிரியருக்கும் வேதியியல் ஆசிரியருக்கும் தமிழாசிரியருக்கும் ஒரே பவர்பாயிண்டைப் போட்டுக் காட்டும் பயிற்சியில் இவை எதுவும் வராது.

இன்றைய பயிற்சி முறை மாநிலம், மாவட்டம், வட்டாரம், பள்ளி என்று நான்கு படி இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சிந்தி, கடைசிப் படிக்கு ஸ்லைடு மட்டும் வந்து சேரும். இணையப் படிப்போ, வீடியோவை ஓடவிட்டு வேறு வேலை பார்த்துவிட்டு வினாடி வினாவில் சான்றிதழ் வாங்கும் சடங்காகிவிட்டது. "நூறு சதவீதம் பயிற்சி முடிந்தது" என்ற அறிக்கையை நாங்கள் நம்பாததற்குக் காரணம் இதுதான். தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொழில் வளர்ச்சிப் பயிற்சி வேண்டும் என்கிறது. அதில் 10 மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம். அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் மூன்று மணி நேர அமர்வுகள் மூன்று, பாடவாரியாக. அமர்வுகளுக்கு இடையே ஒவ்வோர் ஆசிரியரும் தன் வகுப்பில் ஒரு பாடம் நடத்தி, மாணவர் குறிப்பேட்டோடு அடுத்த அமர்வுக்கு வர வேண்டும். மீதி ஒரு மணி, மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவன விரிவுரையாளர் வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பதற்கு. எண்ண வேண்டியது, பார்வையிடப்பட்ட பாடங்களை. முதல் ஆண்டு இந்த எண் மிகச் சிறியதாக இருக்கும். இருக்கட்டும்.

தேர்வு பற்றிச் சுருக்கமாக. புத்தகத்தின் பின்பக்க வினாவில் இல்லாதது வகுப்பில் இல்லை என்பது ஊரறிந்த விஷயம். "பசுமை இல்ல விளைவு என்றால் என்ன?" என்று கேட்டால் மனப்பாட விடை வரும். ஒரு மாவட்டத்தின் முப்பதாண்டு மழைப் பட்டியலைக் கொடுத்து, சராசரி மாறாமல் மழைநாட்கள் மட்டும் குறைந்திருந்தால் விவசாயிக்கு என்ன ஆகும் என்று ஏழு மதிப்பெண்ணுக்குக் கேட்டால், பாடம் தானாக வகுப்புக்குள் வரும். ஒவ்வொரு தேர்வு வாரியமும் பத்தாம் வகுப்பில் அறிவியல், சமூக அறிவியல், கணிதம் மூன்றிலும் தலா ஐந்து மதிப்பெண்ணாவது இத்தகைய தரவு வினாவுக்கு ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. வினாத்தாளே சான்று, தனி அறிக்கை தேவையில்லை. இத்தாலி 2019ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடிமைக் கல்விக்கு ஆண்டுக்கு 33 மணி ஒதுக்கி அதில் நீடித்த வளர்ச்சியை ஒரு தூணாக வைத்தது. நம் ஊரில் தனிப் பாடவேளை ஒதுக்கினால் அது டிசம்பருக்குப் பிறகு கணக்கு வகுப்பாகிவிடும். மதிப்பெண் வழிதான் இங்கே நிலைக்கும் என்று கருதுகிறோம்.

ஐ.டி.ஐ.க்கள் நான்காவது குறியீடு. பி.எம். சூர்யா கர் திட்டம் 75,021 கோடி ரூபாயில் ஒரு கோடி வீடுகளுக்கு மேற்கூரை சோலார் என்கிறது. பொருத்தப்போவது யார்? சோலார் பேனல்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டர்களில் வெவ்வேறு நிறுவனங்களுடையவற்றை "பொருந்துதே" என்று சேர்த்துவிட்டால், தொடும் இடம் சரியாக அமையாமல் சூடேறி உருகும். பேனல் தரும் நேர்மின்னோட்டத்தில் எழும் தீப்பொறி மாறுமின்னோட்டத்தில் போலத் தானாக அணையாது. எர்த்திங்கை வீட்டின் பழைய கம்பியோடு இணைத்து முடித்துவிடுவது, தண்ணீர்த் தொட்டியின் நிழல் பிற்பகலில் பேனலின் ஒரு மூலையில் விழுவதைப் பார்க்காமல் விடுவது என இவையெல்லாம் மூன்று நாள் பயிற்சியில் வரும் பிழைகள். எலக்ட்ரீஷியன் டிரேடில் மேற்கூரைச் செய்முறையைக் கட்டாயமாக்கி, மாணவர் தானே பொருத்தி, மின்காப்புத் தடையும் எர்த் தடையும் அளந்து எழுதிய ஓர் அமைப்பாவது இருந்தால்தான் தேர்ச்சி என்று வையுங்கள். இப்படித் தேறியவர்களின் எண்ணிக்கை, மின்திறன் இலக்கின் அருகிலேயே ஒரு வரியாக நிற்கட்டும். கிகாவாட்டும் அதைப் பராமரிக்கும் ஆளும் ஒரே பக்கத்தில் தெரியும்.

பணம். குழந்தைக்குத் தலா 18.51 டாலர் ஒருமுறைச் செலவில் பள்ளிகளைக் காலநிலைப் பாதிப்பிலிருந்து ஓரளவு காக்கலாம் என்று உலக வங்கி 2024இல் மதிப்பிட்டது. நம் 24.8 கோடி மாணவர்களுக்கு அது சுமார் 459 கோடி டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் 39,000 கோடி ரூபாய். 2025-26இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு ஒதுக்கியது 41,250 கோடி. பத்தாண்டில் பரப்பினால் ஆண்டுக்கு அந்த ஒதுக்கீட்டில் பத்தில் ஒரு பங்குகூட வராது. உலகச் சராசரி மதிப்பீட்டை அப்படியே இங்கே பொருத்த முடியாதுதான். கல்நார்க் கூரைகளை மாற்றும் செலவு மட்டுமே அதை மேலே தள்ளும். ஆனாலும் பேச்சைத் தொடங்க ஓர் அளவு கிடைக்கிறது. உலகக் காலநிலை நிதியில் கல்விக்குப் போவது 1.5 சதவீதத்துக்கும் குறைவு. என்.டி.சி.யில் பெயர் இல்லாத துறை அந்த வரிசையில் நிற்கவே முடியாது. கணக்கெடுப்பையும் பயிற்சியையும் நம் சொந்தப் பணத்தில் செய்வோம் என்றும், கூரைக்கும் கட்டடத்துக்கும் வெளிநாட்டு நிதி நிபந்தனை என்றும் பிரித்து எழுதலாம். வளரும் நாடு என்ற நம் நிலைப்பாட்டுக்கு இதில் பங்கமில்லை.

உள்நாட்டிலும் ஒரு வாசல் இருக்கிறது. மாநிலப் பேரிடர் நிதியில் 20 சதவீதத்தைத் தணிப்புக்கு (பாதிப்பை முன்கூட்டியே குறைக்கும் பணிகளுக்கு) ஒதுக்கும் முறையை 15ஆவது நிதிக் குழு கொண்டுவந்தது. தேசியப் பட்டியலில் வெப்ப அலை இல்லாத நிலையில், தமிழ்நாடு 2024 அக்டோபரில் அதை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பள்ளிக் கூரை அந்தத் தணிப்பு நிதிக்குத் தகுதியான பணி என்று வழிகாட்டுதலில் பெயர் சொல்லி எழுதுங்கள். எழுதாவிட்டால் மாவட்ட அலுவலர் கையெழுத்துப் போடத் தயங்குவார்.

கடைசியாக, மிகக் கடினமானது. 1976இன் 42ஆவது திருத்தத்துக்குப் பின் கல்வி பொதுப்பட்டியலில் இருக்கிறது. பாரிஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது ஒன்றிய அரசு. வகுப்பு நடத்துவது மாநிலம். 2024-25இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய், தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தச் சிக்கலில் நின்றுபோனது. யார் பக்கம் நியாயம் என்று இங்கே வாதிட வரவில்லை. காலநிலைக் கல்விக்கான பணமும் அதே குழாயில் வந்தால், எந்தத் தகராறிலும் அதுவும் நிற்கும் என்பதுதான் எங்கள் கவலை. குறியீடுகளை மாநிலங்களின் காலநிலைச் செயல்திட்டங்களில் முதலில் எழுதவைத்து, அவற்றின் கூட்டுத்தொகையைத் தேசிய எண்ணாக அறிவியுங்கள். எந்தக் கல்விக் கொள்கையை ஏற்றது என்பதை நிபந்தனையாக வைக்காதீர்கள். பாடம் எந்த மொழியில், எந்தப் புத்தகத்தில் என்பது மாநிலத்தின் முடிவு. இழந்த மணிகளையும் கூரைகளையும் எண்ணும் முறை மட்டும் நாடு முழுக்க ஒன்றாக இருக்கட்டும். 2008இன் தேசியக் காலநிலைச் செயல்திட்டத்தின் எட்டு இயக்கங்களில் பள்ளிக் கல்விக்கென ஒன்று இல்லை என்பதால், பொறுப்பேற்கும் அலுவலரைப் பெயர்ப் பதவியோடு குறிப்பிடுவதும் அவசியம். கல்வி அமைச்சகத்தில் ஓர் இணைச் செயலர், உங்கள் காலநிலைப் பிரிவில் ஒருவர், இருவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் இரண்டாண்டு அறிக்கையின் இந்தப் பகுதி வெளியாகும் என்று வையுங்கள்.

என்.டி.சி.யோடு தர வேண்டிய விளக்கங்களில், திட்டமிடலில் மக்கள் எப்படிப் பங்கேற்றார்கள் என்பதும் ஒன்று. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை இரண்டு மொழிகளில் மட்டும் வெளியிட்டதால், 2020 ஜூனில் தில்லி உயர் நீதிமன்றம் 22 மொழிகளிலும் வெளியிடச் சொன்னது உங்கள் அமைச்சகத்துக்கு நினைவிருக்கும். கல்விப் பகுதியின் வரைவைத் தொடக்கத்திலேயே அட்டவணை மொழிகள் அனைத்திலும் வெளியிட்டு, பள்ளி நாட்களில் விழும்படி 60 நாள் அவகாசம் கொடுங்கள். ஏப்ரல், மே வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுக்கள் அப்போது கூடுவதில்லை. யூடைஸின் நான்கு கட்டங்களுக்கு வரைவுவரைகூடக் காத்திருக்க வேண்டாம், அடுத்த கல்வியாண்டுப் படிவம் அச்சாகும் முன் சேர்த்துவிடலாம்.

இப்படிக்கு,
பாடத்திட்டம், ஆசிரியர் பயிற்சி, தொழிற்பயிற்சி, காலநிலைக் கொள்கை ஆகிய துறைகளில் பணியாற்றுவோர்